உங்களுக்குத் தெரியுமா? சாய்ந்த மரமும் செயின்சாவும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான நிழல் மரங்கள் தெருக்களில் சாய்ந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகளையே படுக்க வைத்தது. இரண்டு முறையும் சாலையை மறித்துக் கிடந்த மரங்களைத் துண்டு போட்டு வழி திறந்தது மரம் அறுக்கும் மெஷின், அதாவது செயின்சா. இன்று வாடகைக்குக்கூடக் கிடைக்கிற அந்த மெஷினைக் கையில் எடுப்பவரும், கூலி பேசி ஆளை அழைப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில இங்கே.

● ஒரு மீட்டர் குறுக்களவுள்ள பச்சை மரத்தில் ஒரு மீட்டர் நீளத் துண்டு ஏறத்தாழ முக்கால் டன் எடை இருக்கும். வெட்டி முடிந்ததும் அது உருண்டால் எந்த மனிதனாலும் தடுத்து நிறுத்த முடியாது. சரிவில் கிடக்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கம் நின்றுதான் அறுக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நிற்பது, வேடிக்கை பார்ப்பதாக இருந்தாலும், கூடாது.

● கீழே கிடக்கும் மரத்துக்குள் எவ்வளவு விசை அடைந்து கிடக்கும் என்று தெரியுமா? மரத்தின் இரு முனைகளும் மேட்டில் தாங்கி, நடுப்பகுதி அந்தரத்தில் இருந்தால் அது வில் மாதிரி வளைந்திருக்கும். நம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் அதன் மேல்பக்கம் அழுந்திக்கொண்டும் அடிப்பக்கம் இழுபட்டுக்கொண்டும் இருக்கும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் நிலைமை தலைகீழ்: மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் அழுந்தும். அழுந்தும் பக்கத்திலிருந்தே முழுவதையும் அறுக்கப் போனால் வெட்டின் வாய் மூடிக்கொண்டு மெஷினைக் கவ்விவிடும். இழுபடும் பக்கத்தில் முதலிலேயே ஆழமாகப் போனால் மரம் நீளவாக்கில் பிளந்து எகிறும்.

ஆகவே முதல் வெட்டு அழுந்தும் பக்கத்தில், குறுக்களவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரைதான். மீதியை இழுபடும் பக்கத்திலிருந்து, முதல் வெட்டைச் சந்திக்கும்படி அறுக்க வேண்டும். இந்தப் பத்தியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

● பக்கவாட்டில் வளைந்து, இரண்டு மரங்களுக்கிடையே சிக்கிக் கிடக்கும் மரம் இன்னும் மோசமானது. அது வெளிப்பக்கமாக விசிறி அடிக்கும். வளைவின் உட்பக்கம் நின்று அறுப்பவருக்கு ஆபத்து குறைவு. வெளிப்பக்கம் நிற்பவரின் கால் எலும்பு முறியலாம், உயிரே போகலாம்.

● விழுந்த மரத்தின் அடியில் மாட்டி வளைந்து நிற்கும் இளங்கன்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கைத்தடி கனமே உள்ள ஒரு கன்று, ஒரே வெட்டில் விடுபட்டால் முகத்தில் வந்து அறையும். வளைவின் உட்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, அதன் விறைப்பு தானாகத் தளரும்படி செய்துவிட்டுத்தான் பெரிய மரத்தில் கை வைக்க வேண்டும்.

● வேரோடு சாய்ந்த மரத்தில் வேரும் மண்ணும் சேர்ந்து ஒரு சுவர்போல எழுந்து நிற்கும். அதைச் சாய்த்து வைத்திருப்பது அடிமரத்தின் கனம்தான். அடிமரத்தை அறுத்து எடுத்ததும் அந்த வேர்ச்சுவர், தான் கிளம்பிவந்த குழிக்குள்ளேயே சட்டென்று நிமிர்ந்து விழலாம். சில வேளை எதிர்ப்பக்கமும் சாயலாம். அறுப்பதற்கு முன் அதைச் சங்கிலியாலோ ஜேசிபியாலோ பிடித்து நிறுத்துவது அவசியம். புயல் முடிந்த மறுநாள் குழந்தைகள் முதலில் போய் இறங்குவது அந்தக் குழியில்தான். அவர்களை அப்புறப்படுத்தாமல் மெஷினை இயக்கவே கூடாது.

● முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடும். மணிக்கு 72 கிலோமீட்டர். சாதாரணப் பெரிய செயினில் ஏறத்தாழ நாலு சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டுப்பல் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நொடியில் சுமார் 500 பற்கள் ஓர் இடத்தைக் கடக்கின்றன.

● செயின் ஓடுகிற நீளமான இரும்புத் தட்டுக்குப் பார் என்று பெயர். அதன் நுனியின் மேல் கால்வட்டம்தான் இந்த மெஷினின் மிக ஆபத்தான இடம். அந்த இடம் வேறொரு கட்டையிலோ கிளையிலோ பட்டால், பார் மேல்நோக்கி வளைந்து, அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எகிறும். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இது நடந்து முடிந்துவிடும். மனிதன் ஒன்றைக் கண்டு கையை அசைக்க ஏறத்தாழ கால் நொடி தேவை. அதாவது, எவ்வளவு சுறுசுறுப்பான ஆளாக இருந்தாலும் எகிறலைப் பார்த்துத் தப்பிக்க முடியாது. அனுபவசாலிக்கு இது நேராது என்று சொல்லிக்கொண்டு திரிவது தவறான நம்பிக்கை.

● அதனால்தான் இடது கையின் கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்க வேண்டும். விரல்களோடு சேர்த்து மேலே வைத்திருந்தால் எகிறும்போது பிடி நழுவிவிடும். முழங்கையை மடக்காமல் விறைப்பாக வைத்துக்கொள்வது, தலை பாருக்கு நேராக வராமல் சற்று இடப்பக்கம் ஒதுங்கி நிற்பது, தோளுக்கு மேலே தூக்கி அறுக்காமல் இருப்பது: எல்லாமே இந்த ஒரே காரணத்துக்காகத்தான்.

● இடதுகைப் பழக்கம் உள்ளவரும் இந்த மெஷினை வலதுகைக்காரரைப் போலத்தான் பிடிக்க வேண்டும். செயின், பிரேக், பின்பிடி எல்லாம் அந்த அமைப்புக்கென்றே வைக்கப்பட்டவை. கை மாற்றிப் பிடித்தால் செயினின் பாதையில் உடம்பு வந்துவிடும்.

● முன்பிடிக்கு எதிரே தடுப்பு மாதிரி நிற்கிறதே, அது கைக்கு மட்டும் காவல் இல்லை; செயின் பிரேக்கும் அதுவே. எகிறும்போது மணிக்கட்டு பட்டோ, மெஷின் எகிறும் வேகத்தாலேயோ அது முன்னால் சாய்ந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் செயினை நிறுத்தும். 1970களின் தொடக்கத்தில் வந்த இந்த ஏற்பாடு எத்தனையோ முகங்களைக் காப்பாற்றியிருக்கிறது. தினமும் வேலைக்கு முன் ஒருமுறை பிரேக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மரத்தூள் அடைத்துப் பிரேக் பிடிக்காத மெஷின்கள் நிறையவே புழக்கத்தில் உள்ளன. இரண்டு அடிக்கு மேல் நடக்க வேண்டுமென்றாலும் பிரேக்கைப் போட்டுவிட்டு நடப்பதே முறை.

● பாரின் அடிப்பக்கத்தால் அறுத்தால் மெஷின் முன்னால் இழுக்கும். மேல்பக்கத்தால் அறுத்தால் ஆளைப் பின்னால் தள்ளும். அடியிலிருந்து மேல்நோக்கி அறுக்கும்போது பலர் நிலைதடுமாறுவது இது தெரியாததால்தான்.

● 40 சென்டிமீட்டர் பார் கொண்டு 70 சென்டிமீட்டர் கட்டையை அறுக்க முடியுமா? முடியும், இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால். மேட்டுப் பக்கம் நின்றபடி, எதிர்ப்பக்கத்து விளிம்பையும் மேல்பகுதியையும் எட்டும் வரை முதலில் அறுத்துக்கொண்டு, கட்டையைப் பிரிக்கிற கடைசி வெட்டைத் தாம் நிற்கும் பாதுகாப்பான பக்கத்தில் வைத்துக்கொள்வது தொழில் தெரிந்தவர்களின் வழி. நுனியால் குத்தித் தொடங்கக் கூடாது. என்ஜினை ஒட்டிய முள்பகுதியை மரத்தில் ஊன்றி, அதையே அச்சாக வைத்துப் பாரை மெல்ல இறக்கினால் மெஷின் கட்டுக்குள் இருக்கும்.

கட்டையைவிட நீளமான பார் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். நுனி மறுபக்கம் வெளியே வந்து, பின்னால் கிடக்கும் கட்டையில் படுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில்தான் பல எகிறல்கள் பிறக்கின்றன.

● பார் முழுவதும் மரத்துக்குள் போன உடனே வெட்டின் வாயில் ஆப்பு அடிக்க வேண்டும். செயின் நின்ற பிறகு அடித்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். ஆப்பு பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ மரத்திலோ இருக்கலாம். காய்ந்த கருவேலங்கட்டையில் செதுக்கியதே போதும். இரும்பு ஆப்பு மட்டும் வேண்டாம். ஓடும் செயின் அதில் பட்டால் பல் தெறிக்கும்.

● மெஷின் கவ்விக்கொண்டதா? முதலில் என்ஜினை அணையுங்கள். பிடித்து இழுத்தால் பார் வளையும், பிடுங்கிக்கொண்டு வந்தால் மேலே விழும். ஆப்பும் கடப்பாரையும் கொண்டு வாயைத் திறக்கலாம். முடியாவிட்டால், பாரையும் செயினையும் மரத்திலேயே விட்டுவிட்டு என்ஜின் பகுதியைத் தனியே கழற்றி எடுத்துவிடலாம்.

● தரையோடு ஒட்டிக் கிடக்கும் மரத்தை ஒரே மூச்சில் அறுத்தால் செயின் மண்ணில் இறங்கும். மணலில் ஒரு நொடி ஓடினாலே சாணை போய்விடும். வேண்டிய இடங்களில் எல்லாம் முக்கால் பங்கு ஆழம் அறுத்து வைத்துக்கொண்டு, கடப்பாரையால் மரத்தைப் புரட்டி, மீதியை மறுபக்கத்திலிருந்து முடிக்கலாம்.

● தென்னைக்கு ஆண்டு வளையம் கிடையாது. வைரம் என்று நடுவில் ஒன்றும் கிடையாது. மற்ற மரங்களில் உள்ளே உறுதி, தென்னையில் வெளியே உறுதி. அடிமரத்தின் வெளிவட்டம் நல்ல கட்டட மரத்துக்கு ஈடாகக் கனத்திருக்கும். நடுப்பகுதி சோறு மாதிரி இளகியிருக்கும். அறுக்கும்போது வெளிவட்டத்தில் மெதுவாகப் போகும் பார் உள்ளே போனதும் விர்ரென்று இறங்கும். அதை எதிர்பார்த்துக் கையில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தென்னை அறுக்கிறவர் செயினுக்கு அடிக்கடி அரம் போட வேண்டியிருப்பதும் அந்த வெளிவட்டத்தால்தான்.

● சாலையோர மரங்களில் விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகள் ஆண்டுகள் கழித்துப் பட்டைக்குள் மறைந்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் இரும்பு, மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து சுற்றிலும் கருநீலக் கறையை உண்டாக்கும். அறுக்கும்போது மரத்தில் இந்த நிறம் தென்பட்டால் நிறுத்திவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டும். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள் என்று சொல்வதற்கு, மரம் படும் பாட்டோடு இதுவும் ஒரு காரணம்.

● செயின் அறுந்தால் எங்கே போகும்? பாருக்கு அடியில், என்ஜினை ஒட்டி, சிறு கொக்கி போன்ற ஒன்று இருக்கும். அறுந்த செயினைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அதையும் மீறி வருவதை வலது கையில் படாமல் தடுக்கத்தான் பின்பிடியின் அடிப்பகுதி அகலமாக இருக்கிறது. கொக்கி உடைந்த மெஷின் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம்.

● செயின்சாக்காரர்கள் அணியும் பாதுகாப்புக் கால்சட்டை செயினை எப்படி நிறுத்துகிறது? துணியின் உறுதியால் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உள்ளே நீளமான இழைகள் அடுக்கடுக்காக, தைக்கப்படாமல் விடப்பட்டிருக்கும். செயின் பட்டதும் அந்த இழைகள் உருவிக்கொண்டு போய்ச் செயினை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றி, மெஷினையே திணறடித்து நிறுத்திவிடும். இந்த உடைகளுக்குச் சர்வதேசத் தரம் உண்டு: முதல் வகுப்பு உடை நொடிக்கு 20 மீட்டர் வேகச் செயினுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பு 28 மீட்டருக்கு. ஒருமுறை வெட்டுப்பட்டதை மறுபடி தைத்துப் போடக் கூடாது. தைத்த இடத்தில் இழை உருவாது.

நம் வெயிலில் முழுக் கால்சட்டை தாங்காது என்பது நியாயமான பேச்சு. அதற்குத்தான் தொடைமுதல் கணுக்கால்வரை முன்பக்கம் மட்டும் மறைத்து, பின்னால் வாரால் கட்டிக்கொள்ளும் வகை இருக்கிறது. காயம் அதிகம் படுவதும் காலின் முன்பக்கத்தில்தான். லுங்கியும் செருப்புமாக நின்று அறுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் காட்சி நமக்குப் பழகிவிட்டது என்பதே வருத்தமான விஷயம்.

● செயின்சாவின் சத்தம் ஏறத்தாழ 110 டெசிபல். அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்குப்படி, காதுக் கவசம் இல்லாமல் ஒரு நாளில் இந்தச் சத்தத்தைக் கேட்கக்கூடிய நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

● குளிர் நாடுகளின் காட்டுத் தொழிலாளர்களுக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வந்தது. காரணம் மெஷினின் அதிர்வு. 1960களில் பிடிக்கும் என்ஜினுக்கும் இடையே ரப்பர் வைத்து அதிர்வைக் குறைக்கத் தொடங்கினார்கள். அந்த ரப்பர் தேய்ந்துபோனால் மாற்ற வேண்டும். அது அழகுக்காக வைத்தது இல்லை.

● இந்தச் செயினின் மூதாதை பிறந்தது காட்டில் இல்லை, அறுவைசிகிச்சை மேசையில்! 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் ஐட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரி இருவரும், எலும்பை அறுக்க, பல்வைத்த சிறு சங்கிலியைக் கையால் இழுத்துப் பயன்படுத்தினார்கள். மரம் அறுக்கும் மெஷினாக அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டில். 1926இல் மின்சாரத்தில் ஓடுவதையும் 1929இல் பெட்ரோலில் ஓடுவதையும் கொண்டுவந்தார். அந்தப் பெட்ரோல் மெஷின் 46 கிலோ. தூக்கவே இரண்டு பேர் வேண்டும். தனி ஒருவர் கையாளும் மெஷினை அவருடைய நிறுவனம் 1950இல் வெளியிட்டது.

● இன்று உலகமெங்கும் ஓடும் செயின் பல்லின் வடிவத்தைக் கற்றுக்கொடுத்தது ஒரு புழு. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் மரம்வெட்டியான ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ், ஓர் அடிக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டின் புழுவைக் கவனித்தார். அது மரத்தின் நார் ஓடும் திசையிலும் குறுக்கிலும் ஒரே மாதிரி எளிதாகத் தின்றுகொண்டு போனது. இடமும் வலமுமாக வளைந்த அதன் தாடைகளைப் போலவே இரும்பில் பல் செய்தார். மறு ஆண்டே போர்ட்லாந்து நகரில் அந்தச் செயின் விற்பனைக்கு வந்தது.

● மெஷின் துப்புவதைப் பார்த்தே சாணையைச் சொல்லலாம். சீவல் சீவலாக வந்தால் பல் கூர்மை. மாவு மாதிரி தூள் வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினால்தான் ஆள் மெஷினை அழுத்துகிறார். அழுத்துவதால்தான் நிலை தவறுகிறார். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று நான்கு இழுப்பு அரம் போட்டால் போதும். எல்லாப் பல்லுக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்; ஒரு பக்கம் கூடினால் வெட்டு கோணலாகப் போகும். பல்லுக்கு முன்னால் உள்ள மேட்டை, வேகமாக அறுக்கும் என்று நம்பி, அளவுக்கு மீறித் தேய்த்துவிடாதீர்கள். எகிறல் அதிகமாகும்.

● குறுக்கே அறுக்கும் செயினின் பல் சுமார் 30 பாகை சாய்ந்திருக்கும். மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுக்கும் செயினில் அது 10 பாகை. ஒன்றின் வேலையை மற்றதால் வாங்கினால் மெஷின் சூடாகும், பலகையும் சொரசொரப்பாக வரும்.

● பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில், பெரும்பாலான மெஷின்களுக்கு இதுவே கணக்கு. ஆயில் கலக்காத பெட்ரோல் ஊற்றினால் சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சூடான என்ஜினில் பெட்ரோல் ஊற்ற வேண்டாம். பத்து நிமிடம் ஆற விடுங்கள். ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யாமல் மூன்று மீட்டராவது தள்ளிப் போங்கள்.

● செயினுக்கு ஊற்றும் எண்ணெய் திரும்பி வராது. அத்தனையும் மரத்தூளிலும் மண்ணிலும் அறுப்பவரின் கையிலும்தான் போய்ச் சேரும். வண்டியில் மாற்றிய கழிவு ஆயிலை அதில் ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அந்தக் கழிவு ஆயில் தோல் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியது. சிக்கனம் பார்க்கும் இடம் இது அல்ல.

● ஒரு கையில் மெஷினைத் தூக்கிப்பிடித்து, கீழே தள்ளியபடியே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வது திறமை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்போது மெஷின் யார் பிடியிலும் இல்லை. தரையில் வைத்து, பின்பிடிக்குள் வலது காலின் முன்பகுதியை நுழைத்து, பிரேக் போட்டு இழுப்பதே சரி. கையை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்த பிறகும் செயின் ஓடினால் அந்த மெஷினில் கோளாறு இருக்கிறது. சரிசெய்யாமல் வேலை செய்யக் கூடாது.

● மின்கம்பியோடு பின்னிக் கிடக்கும் மரத்தை, ஊரே இருட்டில் இருந்தாலும், தொடாதீர்கள். யாரோ ஒரு வீட்டில் முறையில்லாமல் இணைத்த ஜெனரேட்டரிலிருந்து கம்பியில் மின்சாரம் வந்துகொண்டிருக்கலாம். மின்வாரிய ஊழியர் வந்து துண்டித்ததை உறுதிசெய்த பிறகே அங்கே வேலை.

● தனியாக அறுக்கவே கூடாது. உடன் இருப்பவர் ஐந்து மீட்டராவது தள்ளி, அறுப்பவரின் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். பின்னாலிருந்து தோளைத் தொட்டுக் கூப்பிடக் கூடாது. வெட்டுப்பட்டுவிட்டால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து, விடாமல் அழுத்திக்கொண்டே 108க்குச் சொல்ல வேண்டும். துணி நனைந்தாலும் அதை எடுத்துப் பார்க்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.

● மரம் அறுக்க ஆள் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலி பேசும்போது தலைக்கவசம், கண்ணாடி, காதுக் கவசம், கால் காப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வாங்கிக் கொடுங்கள்; ஊருக்குப் பொதுவாக ஒரு செட் வாங்கிப் பஞ்சாயத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ வைத்தால் இன்னும் நல்லது. அறுப்பவர் மரத்தைச் சுற்றிவந்து பார்த்துக்கொண்டே நின்றால் நேரத்தைக் கடத்துகிறார் என்று அவசரப்படுத்தாதீர்கள். எந்தப் பக்கம் அழுந்துகிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று அவர் பார்க்கிறார். அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.